பினாங்கின் ஒரு நாளை மேடையேற்றுவது: உள்ளூர் வரலாற்று நாடகத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஜார்ஜ் டவுனில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுக்காத சுற்றுப்பயணிகள் குறைவு. 1818-இல் கட்டி முடித்த அந்த வெள்ளைத் தூண்களை எழுப்பியவர்களில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இருந்தார்கள் என்பதை அங்கே நிற்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? சூலியா தெருவில் 1800-களின் தொடக்கத்திலேயே எழுந்த நாகூர் தர்கா, பினாங்குத் தெருவில் செட்டியார்கள் கணக்கெழுதிய கிட்டங்கிகள், ஜெரஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்ட கப்பல் பயணிகள், துறைமுகத்தில் தொங்காங் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்கியவர்கள் என்று நம் காலடியிலேயே அத்தனை கதை கிடக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்த 2008-க்குப் பிறகு சுவர்களுக்கு வண்ணம் வந்துவிட்டது. அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள் இன்னும் மேடைக்கு அதிகம் வரவில்லை.

வரும்போதும் பல நாடகங்கள் ஒரே குழியில் விழுகின்றன. 1786-இல் பிரான்சிஸ் லைட் இறங்குவதில் தொடங்கி 1957-இல் கொடி ஏறுவதுவரை எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லப் பார்க்கின்றன. பார்ப்பவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வேட்டி கட்டிப் படித்த மாதிரி இருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே பிடிவாதத்தில் நிற்கிறது: நூற்றாண்டை விட்டுவிடுங்கள், ஒரு நாளை எடுங்கள்.

12 முதல் 15 பேர் கொண்ட, பகலில் வேலைக்குப் போகிற குழு, 70 நிமிட நாடகம், ஆறு மாத அவகாசம் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். எடுத்துக்காட்டுக்கு ஒரே நிகழ்வைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: 1941 டிசம்பரில், துறைமுகத் தொழிலாளர்களின் கண் வழியாகப் பினாங்கு.

முதல் மாதம்: எதை எடுப்பது

கைவசம் இருக்கும் நிகழ்வுக்கு மூன்று கேள்வி வையுங்கள். இது ஒரே இடத்தில், சில நாளுக்குள் நடந்ததாகச் சொல்ல முடியுமா? எட்டுப் பாத்திரங்களுக்குள் அடங்குமா? மேடையில் கையால் செய்து காட்டக்கூடிய வேலை ஒன்று இதில் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூட்டை தூக்குவது, மாவரைப்பது, பேரேடு எழுதுவது, வலை பின்னுவது என்று கைக்கு வேலை இருந்தால் நடிகர் நின்ற இடத்தில் நின்று வசனம் ஒப்பிக்க மாட்டார்.

எங்கள் எடுத்துக்காட்டு மூன்றிலும் தேறுகிறது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11-ஆம் தேதி பட்டப்பகலில் ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தது. வந்தது சொந்த விமானம் என்று நினைத்து ஜனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். 16-ஆம் தேதி இரவோடு பிரிட்டிஷ் அதிகாரிகள் தீவை விட்டுப் போய்விட்டார்கள், ஊர் மக்களை விட்டுவிட்டு. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக்கை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றச் செய்தவர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. குண்டுவீச்சு நின்றது அதன் பிறகுதான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இரண்டாம் மாதம்: தேடல்

முதலில் பழைய நாளிதழ்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்க் களஞ்சியத்தில் பினாங் கெஜட், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, மலாயா டிரிபியூன், தமிழ் முரசு எல்லாம் இருக்கின்றன. தேடும்போது இன்றைய சொற்களைப் போட்டால் ஒன்றும் சிக்காது. அந்தக் காலத்து ஆங்கிலத் தாள்கள் நம்மவர்களை ‘கிளிங்’ என்றும் ‘சூலியா’ என்றும் ‘தமிழ் கூலி’ என்றும் எழுதின. கசப்பாக இருந்தாலும் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேட வேண்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். ‘முத்துசாமி’யை ஆறு விதமாகப் போட்டுப் பாருங்கள்.

தலையங்கத்தைவிடப் போலீஸ் கோர்ட்டுச் செய்தி பத்து மடங்கு உதவும். யார், யாரை, எந்தத் தெருவில், எத்தனை வெள்ளிக்காக, என்ன சொல்லி அடித்தார் என்பதெல்லாம் நாலு வரியில் கிடக்கும். ஒரு காட்சிக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள்களை நடத்தியவர்கள் தொழிலாளர்கள் அல்லர் என்பது நினைவிருக்கட்டும். ‘கலகம்’ என்று அவர்கள் எழுதியது நம் பக்கத்தில் ‘கூலி கேட்டது’ ஆக இருக்கலாம்.

அடுத்து மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம். பிறகு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, கோயில் நிர்வாகங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், வீட்டுப் பெட்டிகள். கோயில் திருவிழா அழைப்பிதழ்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உபயக்காரர் பட்டியலில் எந்தத் தொழில்காரர்கள் எந்த நாள் மண்டகப்படி செய்தார்கள் என்று இருந்தால், ஊரில் யார் எந்தத் தெருவில் கூட்டமாக இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

பெரியவர்களிடம் பேசுவது தனிக்கலை. ‘ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா’ என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பொதுக்கதைதான் வரும். ‘மரவள்ளிக் கிழங்கை எதில் அவிச்சீங்க? உப்பு யார் கொடுத்தது? ராத்திரி விளக்குக்கு என்ன எண்ணெய்? பாட்டி எங்கே ஒளிஞ்சாங்க?’ என்று பொருளைக் கேளுங்கள். பொருளைத் தொட்டால் நினைவு தானாக வரும். ஒரு அமர்வு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், பெரியவர் களைத்துவிடுவார். கைப்பேசியை விமான நிலையில் போட்டு, அவருக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில், மேசைமேல் மடித்த துண்டின்மீது வையுங்கள். மேசையில் நேராக வைத்தால் கை தட்டும் ஓசையெல்லாம் பதிவாகும். தலைக்கு மேல் ஓடும் காற்றாடியை நிறுத்த முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் இறக்க ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். இந்த வேலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். எங்கே, எதற்குப் பயன்படுத்துவோம் என்று தமிழில் எழுதிய ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘இந்தப் பகுதி வேண்டாம்’ என்று பிறகு சொன்னாலும் எடுத்துவிடுவோம் என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தகவலையும் ஒரு அட்டையில் எழுதி மூன்று நிறமாகப் பிரியுங்கள். ஆவணத்தில் இருப்பது வெள்ளை, ஒருவர் நினைவில் இருப்பது மஞ்சள், நாம் கற்பனை செய்வது பச்சை. இந்த அட்டைப் பெட்டிதான் நாடகத்தின் முதுகெலும்பு. அரங்கேற்றத்துக்குப் பிறகு யாராவது எழுந்து ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் அட்டையை எடுத்துக் காட்டலாம். குண்டுவீச்சில் இறந்தவர்களின் தொகையை நூலுக்கு நூல் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட எண்ணை வசனத்தில் வைக்காதீர்கள். திரும்பி வராத ஒருவரின் சாப்பாட்டுத் தட்டை மேடையில் வையுங்கள்.

உண்மை எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது

இதில் கண்டிப்பாக இருங்கள். பெயர் தெரிந்த வரலாற்று மனிதருக்கு நீங்கள் எழுதிய வீர வசனத்தைக் கொடுக்கக் கூடாது. அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் சொல் இருந்தால் மட்டும் அவர் வாய்க்கு. இல்லையென்றால் அவரை மேடைக்கு வெளியே வையுங்கள். சரவணமுத்து கோட்டைக்குப் போனதைக் கூட்டத்தில் நின்ற தொழிலாளி பார்க்கிறான், ‘யாரோ கோட்டு போட்ட நம்மாளு கொடிய இறக்குறாரு’ என்கிறான். இவ்வளவு போதும். அந்த ‘நம்மாளு’ என்ற ஒரு சொல்லில் இருக்கும் வியப்பை ஐந்து நிமிடப் பேச்சால் கொண்டுவர முடியாது.

கற்பனைப் பாத்திரங்களுக்குக் கட்டுப்பாடு வேறு வகை. அவர்கள் வரலாற்றின் போக்கை மாற்றக் கூடாது, அந்தக் காலத்தில் அந்த வேலை செய்தவர் அறிந்திருக்க முடியாததை அறியக் கூடாது. 1941-இல் மூட்டை தூக்குபவனுக்கு ‘இரண்டாம் உலகப் போர்’ என்ற பெயர் தெரியாது. அவனுக்கு அது ‘சண்டை’.

மூன்றாம் மாதம்: பிரதி

மேடையில் தமிழ் வசனம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் ஓடும். அசைவு, மௌனம், பாட்டு எல்லாம் சேர்த்தால் 70 நிமிடத்துக்கு 5,000 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். முதல் வரைவு 8,000-இல் நிற்கும். அதில் 3,000-ஐ வெட்டும் மனது வேண்டும். எழுதியவரே வெட்டுவது கடினம் என்பதால் வெட்டும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள்.

பெரிய நோய் தகவல் வசனம். ஒன்றைப் பாருங்கள்:

‘அண்ணே, டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கிட்டான். இங்கே 11-ஆம் தேதி குண்டு போட்டுட்டான். வெள்ளைக்காரன் நம்மை விட்டுட்டு ஓடிட்டான். இனி நம் கதி என்ன?’

பேசுகிற இருவருக்கும் தெரிந்ததையே ஒருவர் மற்றவரிடம் சொல்கிறார். யாருக்காக? நாற்காலியில் இருப்பவர்களுக்காக. அது உடனே தெரிந்துவிடும். அதே செய்தி இப்படியும் வரலாம் (தண்டல் என்பவர் வேலைக்கூட்டத் தலைவர், கிராணி எழுத்தர், தொரை வெள்ளைக்கார அதிகாரி):

‘தண்டல் அண்ணே, இந்த வாரக் கூலி?’
‘தொரையைக் காணோம்டா.’
‘கிராணி?’
‘கிராணி இருக்காரு. அவருகிட்ட சாவி இல்ல.’

யார் போனார்கள், யார் விடப்பட்டார்கள், பணம் யார் கையில் இருந்தது என்று மூன்றும் வந்துவிட்டன. தேதியைத் திரையில் ஒரு வரியாகப் போட்டால் போதும்.

காட்சிகளை எட்டுக்குள் நிறுத்துங்கள். முதல் காட்சியில் வேலை, அவ்வளவுதான். பேச்சே இல்லாமல் மூன்று நிமிடம் மூட்டை இறக்கட்டும், தண்டல் எண்ணிக்கை மட்டும் கூவட்டும். அந்த எண்ணும் தாளம் பார்வையாளர் உடம்பில் ஏறிவிட்டால், பிறகு குண்டு விழுந்த நாளில் அதே எண்ணிக்கை பாதியில் நிற்கும்போது ஒரு விளக்கமும் தேவைப்படாது.

பேச்சு வழக்குக்கு ஒரு சொற்பட்டியல் தயாரியுங்கள், 60 சொல் போதும். ரிங்கிட் கிடையாது, வெள்ளியும் காசும்தான். மலேசியா கிடையாது, 1963-க்கு முன்னால் நடக்கும் கதை என்றால் மலாயா. கிலோ கிடையாது, பிக்குலும் காட்டியும். சடக்கு (சாலை), பசார் (சந்தை), தொங்காங், மண்டோர் (மேற்பார்வையாளர்), கித்தா (ரப்பர்), கிராணி, தொரை போன்ற நம் ஊர்ச் சொற்களைத் தயங்காமல் போடுங்கள். தமிழ்நாட்டுச் சினிமாத் தமிழ் நுழைந்தால் பினாங்கு அந்த நொடியே காணாமல் போகும். ஒரே தமிழும் போதாது. துறைமுகத் தொழிலாளி பேசுவதும், ராமநாதபுரத்திலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி பேசுவதும், யாழ்ப்பாணத்துக் கிராணி பேசுவதும், செட்டியார் கிட்டங்கி மேலாள் பேசுவதும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் அந்த வழக்கு வீட்டில் பேசும் ஒருவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். யாழ்ப்பாணத் தமிழைச் சிரிப்புக்குப் பயன்படுத்தும் கெட்ட பழக்கம் நம் மேடைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அந்தக் கிராணிக்கும் அன்று சம்பளம் வரவில்லை.

வடிவத்துக்கும் ஊரிலேயே கை வைக்கலாம். பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் பிறந்தது இந்தத் தீவில், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். காட்சிக்குக் காட்சி நடுவில் திரைக்கு முன்னால் ஆட்டமும் பாட்டும் நகைச்சுவையும் செய்வார்கள், ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்பார்கள். அந்த உத்தி இன்றும் பயன்படும். பின்னால் பெட்டிகளை நகர்த்தும் 90 நொடிக்கு முன்னால் ஒருவர் நின்று அன்றைய சந்தை விலையைப் பாட்டாகப் பாடட்டும். கூத்தில் வரும் கட்டியக்காரனையும் வைக்கலாம், ஆனால் வரலாற்றுச் சுருக்கம் சொல்லும் வேலையை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள்.

அனுமதி, உரிமை

ஜார்ஜ் டவுனில் பொதுமேடை நிகழ்ச்சிக்குப் பினாங்குத் தீவு மாநகராட்சியின் கேளிக்கை உரிமம் வேண்டும். கோலாலம்பூர் என்றால் மாநகராட்சியிடம். பிரதி, அரங்க உறுதிக் கடிதம், பங்கேற்பவர் பட்டியல் மூன்றையும் தயாராக வைத்து இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். பிரதி தமிழில் இருப்பதால் மலாய்ச் சுருக்கம் இரண்டு பக்கத்துக்கு இணையுங்கள். சமயத் தலங்களைக் காட்டுவதாக இருந்தால் அந்த நிர்வாகத்திடம் காட்சியை முன்கூட்டிக் காட்டிவிடுங்கள். அரங்கேற்ற நாளில் அவர்கள் முன்வரிசையில் இருப்பது கடிதத்தைவிடப் பெரிய பலம்.

1940-களின் சினிமாப் பாட்டைப் போடும் ஆசை வரும். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டுவரை உரிமை நீடிக்கும், பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும். அந்தத் தலைவலிக்குப் பதில் தாலாட்டு, மூட்டை ஏற்றி இறக்குபவர்களின் ஏலேலோப் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைப் பெரியவர்களிடமிருந்து பதிவு செய்து பாடுங்கள். நாடகத்துக்கும் அதுவே நல்லது.

பொருள்கள்: கோணி மூட்டையிலிருந்து கடிகாரம்வரை

அரங்க அமைப்புக்குப் பணம் கொட்ட வேண்டாம். 60 × 40 × 40 சென்டிமீட்டரில் ஆறு மரப்பெட்டி, 12 கோணி மூட்டை, 20 மீட்டர் தடித்த கயிறு, ஒரு கப்பி, ஒரு பலகைப்பாலம். இவற்றை மாற்றி அடுக்கினால் தொங்காங், கிடங்கு, சாப்பாட்டுக் கடை, பதுங்கும் இடம் எல்லாம் ஆகிவிடும்.

மூட்டையில்தான் பல குழுக்கள் தோற்கின்றன. பஞ்சோ தெர்மோகோலோ அடைத்துவிடுவார்கள். தூக்குகிறவர் முகத்தைச் சுளித்து முனகுவார், ஆனால் குதிகால் பொய் சொல்லிவிடும். ஒரு பிக்குல் என்பது 60 கிலோ. அவ்வளவு சுமந்தவன் குதிகால் முதலில் படாது, முழுப் பாதமும் ஒன்றாகப் படும், முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்கும். அந்த நடை வர உண்மையான எடை கொஞ்சமாவது வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் அடியில் 3 கிலோ மணலை இரட்டைப் பையில் கட்டிப் போட்டு, மேலே மரத்தூள், இடைவெளிக்குத் தேங்காய் நார். மொத்தம் 8 கிலோ தாண்ட வேண்டாம், பத்து வாரம் ஒத்திகையில் முதுகு போய்விடும். மணல் அடியில் இருந்தால் கீழே போடும்போது ‘தொம்’ என்ற கனமான ஓசை கிடைக்கும். புதுக் கோணியில் தூசியும் எண்ணெய் வாடையும் இருக்கும். துவைத்து இரண்டு நாள் வெயிலில் காயவைக்காவிட்டால் முதல் காட்சியிலேயே நடிகர்கள் இருமுவார்கள்.

உடைக்குப் பருத்தி மட்டும். பாலியெஸ்டர் கலந்த வேட்டியும் பனியனும் விளக்கில் பளபளக்கும், சாயமும் ஏறாது. 10 லிட்டர் கொதிநீரில் 100 கிராம் தேயிலைத்தூள், ஒரு கைப்பிடி உப்பு போட்டு, வடிகட்டி, துணியை 40 நிமிடம் ஊறவைத்தால் வெள்ளை பழுப்பாகும். பிறகு உப்புத்தாளால் தேயுங்கள், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்த்தால் போலி என்று தெரியும். மூட்டை உட்காரும் தோளில் நூல் தெரியும் அளவுக்கு, முழங்கால் மடியும் இடத்தில் கொஞ்சம், முதுகின் நடுவில் ஒன்றும் வேண்டாம். தலைத்துண்டு ஒவ்வொருவரும் அவரவர் கையால் கட்டப் பழகட்டும். ஊசி குத்தித் தைத்த தலைப்பாகை கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்கு.

கடைசிக் காட்சிக்கு ஒரு கடிகாரம். ஜப்பான் ஆட்சியில் மலாயாவின் நேரம் தோக்கியோ நேரமாக்கப்பட்டது, கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னால் போயின. கிராணி நாற்காலிமேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை விரலால் மெதுவாக நகர்த்துகிறார், கீழே நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்சி மாறியதைக் காட்ட எந்தச் சிப்பாயும் மேடைக்கு வர வேண்டியதில்லை. பத்தாவது வரிசைக்கு முள் தெரிய வேண்டுமென்றால் கடிகாரத்தின் குறுக்களவு 40 சென்டிமீட்டராவது வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி விளக்கை எதிரொளித்து முகப்பையே மறைத்துவிடும்.

குண்டு விழும் காட்சி

இணையத்தில் கிடைக்கும் வெடிச்சத்தத்தை எடுத்துப் பெரிதாகப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. நாற்காலி அதிரும், மனம் அதிராது. பெரியவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், அதை வேறு வம்பாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

1941 டிசம்பர் 11-இன் கொடுமை சத்தத்தில் மட்டும் இல்லை. நம்பி அண்ணாந்து பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே காட்சியின் மையம் பார்வை. பத்து நடிகர் அண்ணாந்து பார்க்கும்போது ஒவ்வொருவர் கண்ணும் வெவ்வேறு மூலைக்குப் போனால் வானம் உருவாகாது. அரங்கின் பின்சுவரில், மேல்மாடத்துக்கு மேலே, ஒரு சிவப்பு நாடாவை ஒட்டுங்கள். எல்லோர் கண்ணும் அதில். விமானம் நகர்வதைக் காட்ட மூன்று நாடா, இடமிருந்து வலமாக, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மனத்துக்குள் ஆறு எண்ணிக்கை. ஒரு சிறுவன் கையசைக்கட்டும். விமான ஓசையை நடிகர்களே மூடிய வாயால் ‘ம்’ என்று தாழ்ந்த சுருதியில் பிடித்து மெல்ல ஏற்றலாம், ஒருவர் மூச்சு விடும்போது அடுத்தவர் தாங்க வேண்டும்.

விழும் நொடிக்கு, மேடைக்குப் பின்னால் 2 × 1 மீட்டர் மெல்லிய தகரத் தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒருவர் கீழ்முனையைப் பிடித்து ஒருமுறை உதறட்டும், அதே கணத்தில் 12 மூட்டையும் கீழே விழட்டும். உடனே இருட்டு. நான்கு நொடி மௌனம். நான்கு நொடி என்பது ஒத்திகையில் நீளமாகத் தோன்றும், பயந்து இரண்டாக்கிவிடுவீர்கள். கைக்கடிகாரம் வைத்து எண்ணுங்கள்.

புகை இயந்திரம் பயன்படுத்தினால் அரங்கின் புகை உணரியைப் பற்றி அரங்க நிர்வாகத்திடம் ஒரு வாரம் முன்னால் எழுதிக் கேட்டுவிடுங்கள். நாடக நடுவில் அபாயமணி அடித்து எல்லோரும் வெளியே போவதைவிடப் பெரிய அவமானம் இல்லை. நுழைவாயிலில் ‘குண்டுவீச்சுக் காட்சி உண்டு’ என்று தமிழில் பெரிய எழுத்தில் வையுங்கள்.

அரங்கம்

தேவான் ஸ்ரீ பினாங் பெரியது, முதல் நாடகத்துக்கு அது வேண்டாம். பாதி நாற்காலி காலியாக இருந்தால் நடிகர் குரல் தளர்ந்துவிடும். ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் உள்ள பினாங்கு நிகழ்கலை மையத்தின் அளவு பொருத்தம். தமிழ்ப்பள்ளி மண்டபமும் போதும், ஆனால் எதிரொலியைக் கவனியுங்கள். மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை ஒரு நொடிக்கு மேல் வாலாக நீண்டால் வசனம் குழம்பும். பக்கச் சுவர்களில் தடித்த துணி தொங்கவிட்டால் பாதி சரியாகும், மீதி நடிகர் நிதானமாகப் பேசுவதில் சரியாகும். காற்றாடிகளின் விசை யார் கையில் இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், மௌனக் காட்சிகளுக்கு நிறுத்த வேண்டிவரும்.

தெருவெளியில் செய்வதானால் மழையைப் பாருங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மோசம், ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். ஆனால் அப்போதுதான் பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு. தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் ஊரை நாடகத்துக்குத் திருப்ப முடியாது. ரமலான் எப்போது என்றும் பாருங்கள், தமிழ் முஸ்லிம்கள் வராத பினாங்குத் தமிழ் நாடகம் அரைகுறைதான்.

ஒத்திகை

பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், மொத்தம் 90 மணி. முதல் இரண்டு வாரம் பிரதியைத் தொடாதீர்கள். மூட்டை தூக்கப் பழகுங்கள், அட்டைகளைப் படியுங்கள், ஒரு விடிகாலை ஆறு மணிக்கு சூலியா தெருவிலிருந்து வெல்ட் கீ வரை எல்லோரும் ஒன்றாக நடந்து போங்கள். தூரம் காலுக்குத் தெரிந்த பிறகு, ‘ஓடிப்போய்ச் சொல்லிட்டு வா’ என்ற வசனத்துக்கு எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்றிலிருந்து ஏழுவரை காட்சி காட்சியாக. எட்டில் முழு ஓட்டம், நேரக் குறிப்போடு. 70 நிமிடம் 85 ஆகியிருக்கும். வேகமாகப் பேசி ஈடுகட்டாதீர்கள், ஒரு காட்சியை முழுதாக எடுங்கள். ஒன்பதில் விளக்கும் ஒலியும். பத்தில் உடையோடு இரண்டு முழு ஒத்திகை, ஒன்றுக்குப் பெரியவர்களை அழைத்து உட்காரவையுங்கள். அவர்கள் தவறு பிடிப்பார்கள். திருத்த ஐந்து நாளாவது மிச்சம் வைத்திருங்கள்.

மேடைக்கு மேலே திரையில் ஓடும் மேல்வரி மொழிபெயர்ப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் சீன, மலாய் நண்பர்களும் வருவார்கள், இது அவர்கள் ஊர்க்கதையும்தான். ஒரு மொழிக்கு ஒரு வரி, வரிக்கு 40 எழுத்துக்குள். 70 நிமிடத்துக்குள் ஏறக்குறைய 600 முறை திரையில் வரி மாறும். எல்லா வசனத்தையும் மொழிபெயர்த்தால் மேடையை யாரும் பார்க்க மாட்டார்கள், பத்தில் ஆறு பங்கு போதும். விசையை அழுத்துபவர் தமிழ் தெரிந்தவராக, ஐந்தாம் வாரத்திலிருந்தே ஒத்திகைக்கு வருபவராக இருக்க வேண்டும். கடைசி நாளில் யாரையாவது உட்காரவைத்தால் சிரிப்பு வசனத்துக்கு முன்பே பாதி அரங்கம் சிரித்துவிடும்.

செலவு

கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அரங்க வாடகைக்கும் விளக்குக்கும் போய்விடும், இன்னொரு பங்கை நடிகர், கலைஞர் கையில் கொடுக்க ஒதுக்குங்கள். மீதியில் பொருள், உடை, அச்சு, பயணம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பெரியவர்களிடமிருந்து கதை வாங்கியிருந்தால் அவர்கள் குடும்பத்துக்கு இலவச நுழைவும் வீட்டிலிருந்து வண்டியும் அந்தக் கணக்கிலேயே வரட்டும்.

நாடகம் முடிந்த பிறகு

வெளிச்சம் வந்ததும் கூட்டத்தைக் கலையவிடாதீர்கள். முன்கூடத்தில் ஒரு நீள மேசை போட்டு, அட்டைப் பெட்டியைத் திறந்து வையுங்கள். வெள்ளை, மஞ்சள், பச்சை மூன்றையும் வந்தவர்கள் எடுத்துப் படிக்கட்டும். பக்கத்தில் வருடிக் கருவி (ஸ்கேனர்) ஒன்று, 600 டிபிஐ தரத்தில். யாராவது பையிலிருந்து பழைய படத்தையோ கப்பல் சீட்டையோ எடுப்பார்கள், அங்கேயே வருடிவிட்டு மூலத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போக வாங்காதீர்கள். யார் கொடுத்தது, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு என்ற மூன்றையும் படத்தின் கோப்புப் பெயரிலேயே எழுதுங்கள்.

வெற்று மஞ்சள் அட்டைகளும் பேனாவும் கட்டாயம் இருக்க வேண்டும். ‘எங்கப்பா அன்னைக்கு அந்தப் பக்கம் இல்ல, துறைமுக ஜெட்டியில இருந்தாரு, மூட்டையை வலது தோள்ல வைக்க மாட்டாங்க’ என்று ஒருவர் சொன்னால் வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் இரவுக்கு முன்னால், மாலை ஐந்து மணிக்கு, குழு முழுவதும் அந்த அட்டைகளைச் சுற்றி உட்கார்ந்து எதை மாற்றுவது என்று முடிவெடுங்கள். தோள் மாற வேண்டுமென்றால் பனியனில் தேய்த்த இடமும் மாற வேண்டும். உப்புத்தாளை உடைப்பெட்டியிலேயே வைத்திருங்கள்.